உருளைக்கிழங்கு உரம்: முதலில் மண்ணின் புளிப்பைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரி உருளைக்கிழங்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே ரசாயன உரமா, இயற்கை உரமா என்ற வாதத்தில்தான் போய் நிற்கிறது. மண் எவ்வளவு புளித்திருக்கிறது என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். நம் மலை மண் அமில மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. தழைச்சத்தைப்போல (நைட்ரஜன்) இரு மடங்கு மணிச்சத்து இடச் சொல்வதும் அதனால்தான்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் 120:240:120 கிலோ, ஏக்கருக்கு 48:96:48. தழைச்சத்தில் பாதி நடவின்போது அடியுரம், மறுபாதி 30ஆம் நாள் மேலுரம். கணக்கு தப்புவது மணிச்சத்தோடு தழைச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்தில். ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை நான்கு போட்டால் மணிச்சத்து 92 கிலோ கிடைத்துவிடும். கூடவே தழைச்சத்தும் 36 கிலோ இறங்கிவிடும். அடியுரத்துக்கு வேண்டியதோ 24தான். இதைக் கழிக்காமல் மேலுரத்துக்கு வழக்கம்போல ஒரு மூட்டை யூரியாவையும் தூவினால் செடி மதமதவென்று வளரும், கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகும். நெருங்கிய தழைக்குள் ஈரம் நின்று பின்கருகல் நோய் வேகமாகப் பரவும். பெருத்த கிழங்கை வெட்டினால் நடுவே பொந்து விழுந்திருக்கும். மணிச்சத்தில் ஒரு பங்கையாவது தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட்டாகவோ பாறை பாஸ்பேட்டாகவோ கொடுப்பது நல்லது. பாறை பாஸ்பேட் மெல்லக் கரைவது அமில மண்ணில்தான், நமக்குப் பொருந்தும்.

புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பை நடவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். அதையும் டிஏபியையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். டோலமைட் எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனை அட்டையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அளவு மீறி பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 6ஐத் தாண்டினால் கிழங்கின் தோலில் சொறி கிளம்பும். சந்தையில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நடுவில் மட்டும் மஞ்சளடித்தால் அது மக்னீசியக் குறை. யூரியா அதற்கு மருந்தல்ல. ஏக்கருக்கு 24 கிலோ மக்னீசியம் சல்பேட்டை அடியுரத்தோடு கொடுத்திருந்தால் இது வராது.

தொழுவுரம் ஏக்கருக்கு 6 டன், நன்றாக மக்கியதாக. கையில் அள்ளினால் சூடு இருக்கக்கூடாது, சாண நாற்றமும் வரக்கூடாது. பச்சைச் சாணம் வெள்ளைப்புழுவைக் கூட்டி வரும். புதுக் கோழி எரு முளையைக் கருக்கும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களை வாங்குகிறவர்கள் பலர் ரசாயன உரத்தோடு ஒரே கூடையில் கலந்து தூவுகிறார்கள். உப்புச் சூட்டில் நுண்ணுயிர் செத்துப்போகும், கொடுத்த காசு வீண். ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 800 கிராமை ஈரத் தொழுவுரத்தில் கலந்து தனியாக இடுங்கள்.

இடும் இடமும் முக்கியம். விதைக்கிழங்குக்குக் கீழே அல்லது பக்கத்தில் இரண்டு விரற்கடை தள்ளி, நடுவே மண் இருக்கும்படி வரிசையாக இட வேண்டும். உரம் கிழங்கைத் தொட்டால் முளை அழுகும். சரிவு நிலத்தில் மேலுரத்தைத் தூவிவிட்டு அப்படியே விட்டால் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். அன்றைக்கே மண் அணைத்து மூடுங்கள்.

கார்போகம் என்ற மழைக்காலப் பருவம் முடிந்து நிலம் காலியானதும் 15 செ.மீ. ஆழத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுத்தால் அடுத்த போகத்துக்குள் முடிவு கைக்கு வரும். அதில் பி.எச். அளவையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேத்தி, நீலகிரி