ரேமின் மேல் 3200, ஓடுவதோ 2133

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினியை அசெம்பிள் செய்து வாங்குவோர், வேகமான ரேம் வேண்டும் என்று கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ஆனால் 3200 (நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்ற கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிடிஆர்4 வகை ரேம் பல வீடுகளில் 2133-லோ 2400-லோ 2666-லோதான் ஓடுகிறது. ரேம் பழுதுமில்லை, போலியுமில்லை. பயாஸில் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஓர் அமைப்பை மாற்றாமல் விட்டதுதான் காரணம். கடைக்காரர்கள் கணினியை ஒப்படைக்கும் முன்பே அதை மாற்றி, வாங்குபவர் கண்ணால் பார்க்கும்படி திரையில் காட்டிவிட வேண்டும்.

ரேம் பலகையில் ஒரு சின்ன சிப் உண்டு. எந்த போர்டிலும் சிக்கலின்றி ஓடக்கூடிய ஜெடெக் (ரேம்களுக்குப் பொதுத் தரம் வகுக்கும் அமைப்பு) தர வேகம் அதில் பதிந்திருக்கும்; மின்னழுத்தம் 1.2 வோல்ட். தயாரிப்பாளர் சோதித்து உறுதி சொல்லும் வேகமும் அதிலேயே தனியாக இருக்கும். 3200, சிஎல்16 (சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) என்று விற்கும் ரேமுக்குப் பெரும்பாலும் அது 1.35 வோல்ட். மதர்போர்டு தானாக எடுத்துக்கொள்வது முதலாவதை மட்டுமே. 3200, சிஎல்22, 1.2 வோல்ட் என்று வரும் ரேமுக்கு மட்டும் இந்த வேலை தேவையில்லை. போர்டும் பிராசஸரும் இடம் கொடுத்தால் தானே அந்த வேகத்தில் ஓடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் 'ஸ்பீடு' வரியில் எண் தெரியும். கணினியின் பாக விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருளில் 1600 என்று வந்தால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, அதுதான் 3200.

எண் குறைவாக இருந்தால், கணினி ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். தயாரிப்பாளர் சொன்ன வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துப் போடும் அமைப்புக்கு (அதுதான் புரொஃபைல்) இன்டெல் போர்டுகளில் எக்ஸ்எம்பி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ, டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்றும் பெயர் இருக்கும். புரொஃபைல் 1 தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமித்தால் போதும். சிலர் புரொஃபைலை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கையால் 3200-க்கு ஏற்றுகிறார்கள். மின்னழுத்தம் 1.2-லேயே நின்றுவிட்டால் திரையே வராமல் போகலாம்.

டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் மாற்றத்துக்குப் பின் முதல்முறை சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையிழந்து பவரை நிறுத்தக் கூடாது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர் வைத்திருப்போர் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 2023-இல் சில பிராசஸர்கள் கருகிய பிறகு, எஸ்ஓசி (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதி) மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. பழைய பயாஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ரேமை எந்த ஸ்லாட்டில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் பல போர்டுகளில் டூயல் சேனல் (இரண்டு ரேமும் இரு தனிப் பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்புவது) போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் இறங்கும்: ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு, இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. வெவ்வேறு வேக ரேம்களைக் கலந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கே வரும். இன்டெல்லின் எச்410 சிப்செட் உள்ள போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 பிராசஸர் இருந்தால் 2666-தான் உச்சம். அதற்கு 3600 ரேம் விற்பது வாங்குபவரின் பணத்தை வீணடிப்பதுதான்.

புரொஃபைலைப் போட்ட பின் கணினி எழவில்லை என்றால் பெரும்பாலான போர்டுகள் சிலமுறை முயன்று பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பிறகு புரொஃபைலை வைத்துக்கொண்டே வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதாலேயே சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு நான்கு சுற்று ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். அப்படியே விட்டால் நீலத்திரை வரும். அதைவிட மோசம், கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போவது.

பயாஸைப் புதுப்பித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அமைப்பு பழையபடி ஆகிவிடும், மறுபடி பாருங்கள். புரொஃபைலைப் போடுவதை இன்டெல்லும் ஏஎம்டியும் ஓவர்கிளாக்கிங் (தர வேகத்துக்கு மேல் ஓட்டுவது) கணக்கில்தான் வைக்கின்றன. பிராசஸர் வாரண்டியை அது பாதிக்கலாம். கடைக்காரர் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பில்லில் ரேம் எத்தனை ஜிபி என்று எழுதும்போதே, ஒப்படைக்கும் நேரத்தில் அது ஓடும் வேகத்தையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர், மதுரை