செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஜூலைக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, சண்டை போட்டதும்கூட, ஃபுஷியா என்ற பூச்செடியைச் சுவரில் ஏற்றிய கதையைத்தான்.

ஊட்டிக்காரர்களுக்கு ஃபுஷியா புதிதல்ல. தொட்டியில் ஜிமிக்கி மாதிரித் தொங்குவதைப் பார்த்தே வளர்ந்தோம். அதைக் கொடியாக்கலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிரேசில் காடுகளில் ஃபுஷியா ரீஜியா என்ற இனம் மரங்களின் மேல் சாய்ந்து பல மீட்டர் ஏறுகிறது. நமக்குக் கிடைத்தது அதுவல்ல, சின்னப் பூ விடும் மெகல்லானிகா. சரி, பார்க்கலாம் என்று ஆளுக்கொரு கன்று வைத்தோம்.

இதற்குப் பற்றிக்கொள்ளும் சுருளும் இல்லை, சுற்றிக்கொள்ளும் குணமும் இல்லை. நாம் கட்டினால்தான் ஏறும். நடுத்தண்டின் நுனியைக் கிள்ளவே கூடாது. தொட்டிச்செடி பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். என் செடி முழங்கால் உயரம் வந்ததும் பேசிக்கொண்டே கிள்ளிவிட்டேன். இப்போது அது நல்ல புதர். கிள்ள வேண்டியது பக்கக் கிளைகளை மட்டும், இரண்டு மூன்று ஜோடி இலை விட்டு. அங்கிருந்து இரட்டையாகத் துளிர்க்கும். பூ வருவதும் அந்தப் புதுத் துளிரில்தான்.

மெல்லிய கம்பியால் கட்டிய இரண்டு செடிகளுக்குத் தென்மேற்குக் காற்றில் பட்டை அறுந்துபோனது. பழைய காட்டன் சேலையைக் கிழித்து, எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டியவை தப்பின. சேலை, உறுப்பினர் ஒருவரின் மனைவியுடையது. அனுமதி பிறகுதான் வாங்கப்பட்டதாகக் கேள்வி.

ஜனவரி உறைபனிக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டி வந்து மூடினோம். மூடாமல் விட்ட செடி ஒரே இரவில் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகியது. பிடுங்க வேண்டாம் என்று தடுத்தோம். மார்ச்சில் அடியிலிருந்து துளிர் வந்துவிட்டது. ஆனால் ஏறிய உயரம் போனது போனதுதான், மறுபடி தரையிலிருந்து தொடங்க வேண்டும். கொடியாக வளர்ப்பவர்கள் நவம்பரிலேயே மிலாருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

கிழக்குச் சுவரில் வைத்த செடி ஜன்னல் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து வெட்டிய துண்டுகள் வேர்விட்டுத் தயாராக உள்ளன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். கட்டுவதற்குப் பழைய சேலை தேவை. வீட்டில் சொல்லிவிட்டுக் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்