சின்னண்ணனுக்கு வாசித்துக் காட்டவும்

தேஷ், சுவிஸ்
ஐப்பசி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஆவணிக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரியும் இல்லையென்று அம்மா அழுததாக எழுதியிருந்தீர்கள். வேலை கூடுதல், வேறொன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள். இப்போது நான் வேலை செய்கிற ஹொட்டேல் பூட்டியிருக்கிறது, மார்கழியில்தான் திறப்பார்கள். நல்ல ஓய்வு.

சின்னண்ணனின் மகள் தர்சி குடும்பம் பிள்ளைகளோடு செர்மட் என்ற மலையூருக்கு ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பழக வரப் போகிறது, செலவு கட்டுமா என்று சின்னண்ணன் உங்களிடம் கேட்டிருக்கிறார். லண்டனில் இருந்து கேள்வி யாழ்ப்பாணம் போய்த்தான் சுவிசுக்கு வரவேண்டியிருக்கிறது. பரவாயில்லை, பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? விபரமாக எழுதுகிறேன். அவர் போன் எடுக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். ஸ்கீ விஷயம் உங்களுக்கு விளங்காவிட்டாலும் ஒரு வரியையும் விடாதீர்கள்.

முதலில், மாசி மாதம் வேண்டாம். லண்டன் பள்ளிக்கூடங்களின் அந்த ஒரு கிழமை லீவும், சுவிஸ் மாகாணங்களின் ஸ்போர்ட் லீவும் ஒன்றுக்குமேல் ஒன்று விழுகிற நேரம் அது. வீடு, பிளேன், ஸ்கீ வகுப்பு எல்லாம் உச்ச விலையில் நிற்கும். தை நடுப்பகுதி மலிவு, ஆனால் பள்ளிக்கூடம் விடாது. ஆகவே ஈஸ்டர் லீவைப் பிடிக்கச் சொல்லுங்கள், அதிலும் ஈஸ்டர் ஞாயிறு கழிந்த கிழமையை. சித்திரையில் ஸ்னோ இருக்குமா என்று சின்னண்ணன் கட்டாயம் கேட்பார். பதிந்த இடங்களில் அந்தப் பயம் நியாயம்தான். செர்மட் ஊரே 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கம்பியில் ஓடுகிற லிஃப்ட் 3,883 மீற்றர் வரைக்கும் போகிறது, மேலே பனிப்பாறையில் ஆடியிலும் ஸ்கீ விடுகிறார்கள். பணக்கார ஊர் என்று பெயர் எடுத்த இடம்தான், ஆனால் பள்ளிக்கூட லீவுக்குக் கட்டுப்பட்ட குடும்பத்துக்கு அந்த உயரம் காசு மிச்சம் பிடித்துத் தரும். ஒரு குறை: சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குப் பிறகு ஸ்னோ கஞ்சி மாதிரி இளகிவிடும். விடிய லிஃப்ட் திறந்தவுடன் ஏறி, ஒரு மணிக்கெல்லாம் நிறுத்திவிட வேண்டும். ஊர் வரைக்கும் இறங்குகிற பாதைகள் அப்போது கரைந்து கிடக்கும். கீழே வர லிஃப்டிலேயே வரட்டும்.

தங்குவது செர்மட்டில் அல்ல, நான் இருக்கிற தேஷில். செர்மட்டுக்குள் பெற்றோல் கார் விடமாட்டார்கள், கார்க்காரர் எல்லோரும் தேஷில் நிறுத்திவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு ரயில், 12 நிமிஷப் பயணம். அந்த 12 நிமிஷத்துக்கு இந்தப் பக்கம் வீட்டு வாடகை வேறு கணக்கு. ரயில் ரிக்கற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும், ஒரு வழிக்கு ஆளுக்கு 8 பிராங்க்குக்கு மேல். பெரியவர்கள் இருவருக்கும் வெளிநாட்டாருக்கான பாதி விலைக் கார்ட் எடுத்தால் அது பாதியாகும், விமான நிலையத்திலிருந்து வருகிற ரயிலுக்கும் அதுவே செல்லும். அதோடு குடும்பக் கார்ட் ஒன்று சும்மா தருவார்கள், கேட்டு வாங்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தாய் தகப்பனோடு ரயிலில் காசில்லாமல் வரலாம். சூரிச்சில் இறங்கினால் பேர்ண், விஸ்ப் வழியாக வரட்டும். விஸ்ப்பில் இறங்கி மலை ரயிலுக்கு மாற முன்னம் பெரிய கடையில் ஒரு கிழமைச் சாமான் வாங்கிவிட வேண்டும். மேலே போகப் போக விலை ஏறும்.

வீட்டுக்குக் கீழ்வீட்டுக் கிழவரைக் கேட்டுவிட்டேன். அவரைப்பற்றி முன்னம் எழுதினேனே, கறுப்பு மூக்கு ஆடு வளர்க்கிறவர். ஆடுகளைப் பார்த்தால் அம்மா சிரிப்பா, உடம்பெல்லாம் வெள்ளைக் கம்பளி, முகமும் முழங்காலும் மட்டும் கரி பூசினமாதிரி. மேல்தட்டில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார், சனிக்கிழமை புகுந்து சனிக்கிழமை வெளிக்கிட வேண்டும். செர்மட்டில் இந்த அளவு வீட்டுக்குக் கேட்கிறதில் பாதியும் வராது. ஆனால் மனிசனுக்குச் சட்டம் கூடுதல். உடுப்பு மெஷினுக்கு ஒரு தாளில் முறை எழுதி ஒட்டியிருக்கிறார், முறை மாறினால் கதவில் கடிதம் இருக்கும். பஞ்சு வடியைத் துடைக்காமல் விட்டால் அதற்கும் ஒரு கடிதம். இரவு 10 மணிக்குப் பிறகு குளிக்கத் தண்ணீர் திறக்கக் கூடாது. குப்பைக்கு வரிப் பை, 35 லீற்றர்ப் பை ஏறக்குறைய 2 பிராங்க், வேறு பையில் போட்டால் எடுக்கமாட்டார்கள். கடைசி நாள் துப்புரவுக் காசு, ஆளுக்கு இரவொன்றுக்கு ஊர் வரி, இரண்டும் வாடகைக்கு வெளியே. இங்கே எந்த வீடு எடுத்தாலும் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் விலை ஒப்பிட வேண்டும். என்னுடைய அறையில் எல்லோரும் சமாளிக்கலாம் என்று சின்னண்ணன் சொல்லக்கூடும். அது சரிவராது, ஹொட்டேல்காரர் தந்த அறை, விருந்தாளி தங்க விடமாட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்தது லிஃப்ட் பாஸ். பெரிய ஆளுக்கு ஒரு நாள் பாஸ் 90 பிராங்க்கைத் தாண்டக்கூடும், அதுவும் பஸ் ரிக்கற் மாதிரி நிலையான விலை இல்லை. முந்தி வாங்கினால் குறைவு, அன்று விடிய வாங்கினால் கூடுதல். மழை புயல் என்று காசு திருப்பித் தரமாட்டார்கள். சின்னவனுக்கு 9 வயது ஆகவில்லை, அவனுக்குக் காசில்லை, வயதுக்கு அத்தாட்சி காட்டி ஒரு கார்ட் எடுக்க வேண்டும். பெரியவளுக்குப் பாதி விலை. இத்தாலிப் பக்கமும் சேர்ந்த பாஸை யாரும் வாங்க வேண்டாம். பேருக்கு 360 கிலோமீற்றர் பாதை இருக்கிறது, பழகாத பிள்ளைக்கு முதல் மூன்று நாளும் வேண்டியது ஒரு முற்றமளவு சரிவு. அதோடு மேலே காற்றுப் பிடித்தால் இத்தாலிக்குப் போகிற லிஃப்டைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் அகப்பட்டவர்கள் மலையைச் சுற்றி ரோட்டால் மணிக்கணக்காக டாக்சி பிடித்து வர வேண்டும். அந்த டாக்சிக் காசில் இன்னொரு விடுமுறை போகலாம்.

பழக சுனெக்கா என்ற மேட்டுக்குப் போகட்டும். ஊருக்குள்ளிருந்து மலைக்குள்ளே சுரங்கத்தால் ஏறுகிற ரயில், சில நிமிஷத்தில் 2,288 மீற்றரில் விடும். அங்கே ஏரியோரம் பிள்ளைகளின் இடம் இருக்கிறது, ஓடுகிற பாயில் நின்றால் மேலே கொண்டுபோகும். தகப்பன் படிப்பிக்கிறேன் என்று வெளிக்கிட வேண்டாம். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான், அரை நாள் குழு வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வகுப்பில் 'பீட்சா' என்றால் ஸ்கீ இரண்டின் முன்னைச் சேர்த்துப் பின்னை விரித்து நிற்கிறது, 'பொம்ஸ்' (உருளைக்கிழங்குப் பொரியல்) என்றால் இரண்டையும் நேராக விடுகிறது. பிள்ளைகள் ஒரு காலையில் பிடித்துவிடுவார்கள். பிறகு, ஆங்கில ரி (T) எழுத்து மாதிரிக் கம்பி ஒன்று பின்னால் பிடித்து இழுத்துப்போகிற லிஃப்ட் வரும். அதில் இருக்கக் கூடாது, இருந்தால் கம்பி இறங்கி ஆள் விழுவார். முழங்காலைத் தளர்த்தி நின்று, இழுக்க விட வேண்டும். தகப்பனும் சின்னவனும் ஒரே கம்பியில் போக வேண்டாம், ஒருவருக்குத் தொடையில் பிடித்தால் மற்றவருக்கு முதுகில் முட்டும். பாதைகளில் நீலம் லேசு, சிவப்பு அடுத்தது, கறுப்பு கடினம். மஞ்சள் தடி நட்டிருந்தால் அது சமன்படுத்தாத பாதை, பக்கமும் போக வேண்டாம்.

மாசிதான் என்று ஒற்றைக் காலில் நின்றால், முதல் நாட்களுக்குக் கிரேக்கன் என்ற ஊருக்குப் போகட்டும். சங்க்ட் நிக்லாவுஸ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் எடுத்தால் மேலே ஊர், அங்கிருந்து ஹன்னிகால்ப் என்ற 2,114 மீற்றர் மேட்டில் முழுக்கப் பிள்ளைகளுக்கென்றே செய்த இடம். பாஸும் மலிவு. ஓரளவு நிற்கப் பழகிய பிறகு செர்மட்டில் இரண்டு நாள் போதும்.

ஸ்கீ, தடி, சப்பாத்து, ஹெல்மெற் எல்லாம் வாடகைக்கு, நெற்றில் முந்திப் பதிந்தால் குறைப்பார்கள். சப்பாத்தில்தான் எல்லாப் பிரச்சினையும். ஒரேயொரு மெல்லிய கம்பளிக் காலுறை போட வேண்டும். குளிரும் என்று இரண்டு போட்டால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னால் முட்ட வேண்டும், முழங்காலை மடித்தால் விடுபட வேண்டும். குதி தூக்கினால் அது பெரிது, மாற்றச் சொல்லுங்கள். மேல் பட்டியை இறுக்கி, பாதத்துப் பட்டியை அளவாக விடுவது. இரவில் குளிரில் விட்டால் விடிய பிளாஸ்டிக் விறைத்துக் கால் போகாது. ஹீற்றருக்கு மேல் வைத்தால் உள்ளுறை கெடும், அறைக்குள் வைத்தால் போதும். சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கிற பூட்டை ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம் பார்த்துக் கடைக்காரன் முடுக்குவான். பழகாத ஆள் 'எனக்கு நல்லாய் ஓடத் தெரியும்' என்று சொன்னால் கூடுதலாக இறுக்கிவிடுவான், விழும்போது கழலாது, முழங்கால்தான் போகும். மருமகன் வாயை அடக்கட்டும்.

உடுப்பு வாங்கக் கூடாது. காற்சட்டையும் ஜக்கெற்றும் லண்டனில் இரவல் எடுக்கலாம், இல்லையென்றால் நான் இங்கே பழைய சாமான் கடையில் பார்க்கிறேன். உள்ளே பருத்தி போட வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக் குளிரும். சின்னவனுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம், மூடின கையுறை. வெயில் கிரீம் ஐம்பதில். ஸ்னோ வெயிலைத் திருப்பி அடிக்கும், நாடிக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்தடியிலும் எரியும். எங்கள் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பனி விளையாட்டு என்று தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்து அரசாங்கத்தின் சுகாதாரக் கார்ட் மலை மீட்புக்குச் செல்லாது. கால் முறிந்து ஹெலிகொப்ரர் வந்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும். திரும்பிப் போகிற பிளேனுக்கு ஒரு நாள் இடைவெளி விடட்டும். 2018 ஜனவரியில் பனிச்சரிவுப் பயத்தில் பாதை எல்லாம் மூடி 13,000 பேரளவில் செர்மட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

சாப்பாடு. மலையில் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலே நல்ல விலை, தண்ணீருக்கும் காசு. விடிய ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலோடு சுற்றி ஜக்கெற்றின் உள்பையில் வைக்கட்டும், முதுகுப் பையில் வைத்தால் கல்லாகிவிடும். பிளாஸ்கில் ரசம். தேங்காய்ப்பூவும் மிளகாய்த்தூளும் பேர்ண் தமிழ்க்கடையில் வாங்கலாம். குசினியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் பருப்பு இலேசில் அவியாது, பிரஷர் குக்கர் வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, தரலாம். என்ன வைத்து அவித்தாலும் அம்மாவின் பருப்புக்குக் கிட்ட வராது அக்கா. சட்டியில் தாளிக்கிற நேரம் சின்னண்ணன் கரண்டியோடு வந்து நிற்பாரே, அம்மா கையில் ஒரு தட்டுத் தட்டுவா, அவர் எனக்கும் ஒரு உருண்டை எடுத்துத் தருவார். இதை வாசிக்காமல் விடுங்கள். இல்லை, வாசியுங்கள்.

அவரையும் வரச் சொல்லுங்கள். ஸ்கீ விடத் தேவையில்லை. 1898இல் போட்ட ரயில் கோர்னர்கிராட்டுக்கு, 3,089 மீற்றர் உயரத்துக்கு, ஏறுகிறது. மற்றர்ஹோர்ன் மலை நேர் முன்னால் நிற்கும். பிள்ளைகள் ரோட்டன்போடனில் இறங்கிச் சறுக்குப் பலகையில் ரிஃபல்பெர்க் வரைக்கும் இறங்குவார்கள், நாங்கள் இரண்டு பேரும் கதிரையில் இருந்து பார்க்கலாம். இருதயத்துக்கு மருந்து எடுக்கிறாரா? எடுத்தால் டொக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும், அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்.

காணி விஷயம். குணம் மாமா வேலியை மதிலாகக் கட்டப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நில அளவைக்காரர் கல் போடமுன்னம் அத்திவாரம் வெட்ட விட வேண்டாம், அத்தான் நேரே போய்ச் சொல்லட்டும், சண்டை பிடிக்க வேண்டாம். என் பங்குக்கு அற்றோணித் தத்துவம் (எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) அத்தான் பேரில் தருகிறேன். ஜெனீவாவில் எங்கள் தூதரக அலுவலகத்தில் கையெழுத்து வைத்து முத்திரை வாங்கலாம், போக வர ஒரு நாள். உறுதிப் பத்திர இலக்கமும் காணியின் நான்கு எல்லையும் பிழையில்லாமல் வேண்டும், நொத்தாரிசிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உறுதியில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சின்னண்ணனுக்கும் எனக்கும் இடையில் இத்தனைக்கும் காரணம். அவருடைய பங்குக்கு அவர் லண்டனில் தனியாகச் செய்ய வேண்டும். கிணறு இரண்டு பேருக்கும் பொது என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை, இதை அப்படியே சொல்லுங்கள்.

அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குத் திகதி வந்ததா? இந்த மாதக் காசை மார்கழிக் காசோடு சேர்த்து அனுப்புகிறேன், பாங்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். ஒப்பரேசன் முந்தி வந்தால் உடனே போன் எடுங்கள், எப்படியும் அனுப்புவேன். சுமியின் சாதகம் பொருந்தியதா? பொடியன் கனடா என்றால் அவசரப்பட வேண்டாம், வேலையை விசாரியுங்கள்.

அன்புத் தம்பி

பி.கு: தர்சியின் பிள்ளைகளின் பாத நீளம் சென்ரிமீற்றரில் வேண்டும், இங்கிலாந்துச் சப்பாத்து இலக்கம் உதவாது. பின்னேரம் சுவரோடு குதியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கிழவருக்குக் கார்த்திகை முடிய முன்னம் முற்பணம் கட்ட வேண்டும், அதைச் சின்னண்ணன் நேரே எனக்குப் போன் எடுத்துச் சொல்லட்டும்.