முப்பத்தோராம் நாள் மாத்திரைக்கு யாரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மருத்துவ முகாம்களுக்குப் போய்வரும் தன்னார்வலர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. போனவர்களின் உழைப்பையும் நான் குறை சொல்லப்போவதில்லை. விடுப்பு எடுத்து, கைக்காசில் டிக்கெட் போட்டு, கொசுக்கடியில் படுத்து எழுந்து வேலை பார்ப்பது லேசான காரியமா? ஆனால் கட்டுரை நெடுக எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பெட்டி மருந்து கொடுத்தோம் என்ற கணக்குதான் இருந்தது. அந்த மருந்தை எண்ணிக் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். இப்படிப்பட்ட குழுக்களோடு சில முறை போயிருக்கிறேன். டாக்டர்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், கேமராவும் அங்கேதான் நிற்கும். மருந்து மேசையை ஏதாவது பள்ளிக்கூட வராந்தாவின் கோடியில் போட்டிருப்பார்கள். ஆனால் நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது கடைசியாகப் பேசுவது எங்களிடம்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் அங்கேதான் கேட்பார்கள்.

அப்படி வந்தார் ஒரு வயதான அம்மா. ரத்த அழுத்தம் 190/110. அன்றுவரை யாரும் அவருக்குப் பட்டை கட்டிப் பார்த்ததில்லை. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று, முப்பது நாளைக்கு என்று எழுதியிருந்தார். சிறு பிளாஸ்டிக் உறையில் மாத்திரையைப் போட்டு, மேலே ஒரு சூரியனை வரைந்து கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதுதான் வழி: காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த கல்லூரித் தம்பி என்னிடம் எதுவும் சொல்லாமல் தானே பதில் சொல்லி அனுப்பப் பார்த்தான். என்ன கேட்டார் என்று நான் வற்புறுத்திய பிறகுதான் சொன்னான். “தீர்ந்துபோனா என்ன பண்றதுன்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி வருவாங்கன்னு சொல்லிட்டேன்.” அந்த அம்மா அதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்வாராம். அப்படிப் போட்டால் வருஷம் முழுக்க வருமாம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கையில் இருப்பதை நீட்டிச் செலவு செய்யத் தெரிந்தவர். ஆனால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலி தந்து சொல்லிவிட்டு வருவதில்லை. மாத்திரையைத் தினமும் போட்டால்தான் பலன். மாதத்துக்கு இரண்டு போட்டால் பக்கவாதத்தைத் தடுக்காது. இதை விடவும் மோசமானவை உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டினலால் போன்ற மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம். மாரடைப்பு வரைகூடப் போகலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு, வேளாவேளைக்குச் சாப்பாடு உறுதியில்லாத முதியவருக்கு ரத்தச் சர்க்கரையை மணிக்கணக்கில் கீழே இழுத்துவிடும். இரண்டும் விலை குறைவு, எல்லாக் குழுவின் பெட்டியிலும் இருக்கும்.

முகாம் நடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அரசு சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. டாக்டர் இல்லை, நர்ஸ் ஒருவர் மட்டும். கிளம்புவதற்கு முன்பே அங்கே என்னென்ன மருந்து இருக்கிறது என்று கேட்டுவிடலாம் என்று சொன்னேன். நேரமில்லை என்றார்கள் குழுவை நடத்தியவர்கள். கடைசியில் அந்தத் தம்பியை அனுப்பித்தான் அந்த நர்ஸை வரவழைத்தேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். எங்கள் மேசையை ஒரு பார்வை பார்த்தார். ரத்த அழுத்தத்துக்குத் தன் நிலையத்துக்கு மாதாமாதம் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மாத்திரை வருகிறது, அம்லோடிபின் வருவதே இல்லை என்றார். டாக்டர்கள் முதல் நாளே அவரிடம் வரும் மாத்திரையை எழுதியிருந்தால், எங்கள் முப்பது நாள் முடிந்ததும் நோயாளிகள் அவரிடமே போய் வாங்கியிருக்கலாம்.

பெட்டிகளைத் திறந்து காட்டினோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும், குழந்தைகளுக்கான 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டார். வயிற்றுப்போக்குக்கு அவை இரண்டும் இருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். இருமல் சிரப்புகளையும் கலர் கலரான வைட்டமின்களையும் தொடவில்லை. பிறகு கேட்டார், “பேஷண்ட் சீட்டெல்லாம் எங்கே?” அவை பெட்டியில் பூட்டியிருந்தன. நன்கொடையாளர்களுக்கு அறிக்கை எழுதுவதற்காகத் திரும்பி எடுத்துப்போகத் தயாராக.

யாருக்கு என்ன நோய், என்ன மருந்து தொடங்கியது என்று தெரியாமல் அவர் எப்படித் தொடர்ந்து பார்ப்பார்? அன்று ராத்திரி ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, காக்காய் வலிப்பு உள்ளவர்களின் பெயர், ஊர், மருந்து, அளவு எல்லாவற்றையும் அவருடைய நோட்டில் கையால் நகல் எடுத்தோம். எந்த வீடு எந்தப் பாதையில் என்று அவரே பக்கத்தில் குறித்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அந்த முகாமில் நடந்த உருப்படியான வேலை அதுதான். அதைப் படம் எடுக்க யாரும் இல்லை.

இது என் சொந்த யோசனை ஒன்றுமில்லை. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகெங்கிருந்தும் குழுக்கள் போய் இறங்கின. யார் வந்தார்கள், யாருக்கு என்ன செய்தார்கள் என்பதற்கே பல இடங்களில் சரியான பதிவு இல்லை. கை கால் எடுக்கப்பட்டவர்களுக்குப் பின்கவனிப்பு பெரும் சிக்கலாயிற்று. அதன் பிறகு 2013இல் உலக சுகாதார நிறுவனம், பேரிடர் இடங்களுக்குப் போகும் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்தது. நோயாளிக்குச் செய்த சிகிச்சையின் குறிப்பு அவர் கையிலேயே இருக்க வேண்டும், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிலநடுக்கத்தின் நடுவிலேயே அதைச் செய்யச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு நிதானமாகப் போகிறவர்களுக்கு என்ன தடை?

மருந்துப் பெட்டிகளைப் பற்றிக் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். குழுவில் சேருகிறவர்கள் வீட்டு அலமாரியில் மிஞ்சியதையும், டாக்டர்கள் மேஜையில் சேர்ந்த சாம்பிள்களையும் வாரிக் கட்டுகிறார்கள். பாதி அட்டையில் பெயர் தெரியாது, மீதியில் காலாவதி தேதி அடுத்த மாதம். போஸ்னியப் போர்க்காலத்தில், 1992இலிருந்து 1996இன் நடுப்பகுதி வரை, உதவி என்று போய்ச் சேர்ந்தவற்றில் ஏறக்குறைய 17,000 டன் மருந்து பயன்படாத குப்பை என்று பிறகு கணக்கிட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இதே கதை: சுமார் 4,000 டன் வந்து குவிந்தது, பெரும்பகுதியின் மேல் எழுதியிருந்த மொழி அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. மருந்தைச் சும்மா குழியில் போட்டுக் கொளுத்தவும் முடியாது. நச்சுப்புகை வரும், மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கும். முறையாக அழிப்பதற்கு ஆகும் செலவு வாங்கிக்கொண்ட நாட்டின் தலையில்.

இதற்கென்று 1996இலேயே உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 1999இலும் 2010இலும் திருத்தினார்கள். சுருக்கம் இதுதான்: கேட்டதை மட்டும் கொடு. அந்த நாட்டில் அனுமதியுள்ள மருந்தாக இருக்கட்டும். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது பாக்கி இருக்கட்டும். இலவச சாம்பிளும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் வேண்டாம். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்றை அந்த நிறுவனம் 1977இல் முதலில் வெளியிட்டது. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகள் தங்களுக்கென்று அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பெட்டி கட்டும் முன் அதைப் பார்ப்பதற்கு ஒரு மாலை போதும்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாமல் உலகில் 500 கோடிப் பேர் இருப்பதாக 2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. கண்புரையும் பிளவுபட்ட உதடும் அவர்களில் எத்தனையோ பேரின் வாழ்க்கையைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. அங்கேயும் அறுவை மேசையிலிருந்து இறங்கியதோடு வேலை முடியாது. கண்புரை எடுத்தவருக்குப் பல வாரம் சொட்டு மருந்து போட வேண்டும். அண்ணப்பிளவை, அதாவது வாயின் மேற்கூரையில் இருக்கும் பிளவை, தைத்த குழந்தைக்குத் தையல் விட்டு ஓட்டை விழலாம், பேச்சுப் பயிற்சி பல வருஷம் தேவைப்படலாம். இதை உணர்ந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவமனைக் கப்பல்கள் வழக்கமாக ஒரு துறைமுகத்தில் பத்து மாதம் போல நின்று, உள்ளூர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. வருஷா வருஷம் ஒரே ஊருக்கு, ஒரே மருத்துவமனைக்குப் போகிற சின்னக் குழுக்களும் உண்டு. அவர்களுக்கு விளம்பரம் செய்ய நேரமில்லை.

மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரையில் ஒரு படத்தில், இன்னும் மருத்துவப் படிப்பில் சேராத பெண் ஒருவர் பல் பிடுங்க உதவுவதாகப் போட்டிருந்தீர்கள். சொந்த நாட்டில் செய்ய உரிமம் இல்லாததை, கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் போய்ச் செய்வது சேவையில் சேராது. உயரம், எடை எடுக்கட்டும், வரிசையை ஒழுங்கு செய்யட்டும், சூரியனும் பிறையும் வரையட்டும். எனக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

இதைப் படிக்கும் செவிலியர்கள், மருத்துவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அங்கே ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் என்ன செய்வார்கள் என்று குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடிய சீக்கிரம், தொடங்கியாக வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து யார் பையில் இருக்கிறது என்று தெரியாத குழுவோடு போகாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னாலாவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை.

அந்த நர்ஸைச் சந்தித்த பிறகு, எந்தக் குழு கூப்பிட்டாலும் மூன்று கேள்வி எழுதி அனுப்புகிறேன். அங்கே நமக்குப் பின் நோயாளியைப் பார்க்கப்போவது யார்? அவரிடம் என்ன மருந்து கிடைக்கும்? சீட்டுகளை யாரிடம் விட்டுவிட்டு வருவோம்? ஒரு குழு இதற்குப் பதிலே போடவில்லை. பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை. இன்னொரு குழு மறுநாளே அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தின் மருந்து இருப்புப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியது. கிறுக்கல் கையெழுத்து, பாதி வரி அடித்திருந்தது. அவர்களோடு போகத்தான் இப்போது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்