வெவ்வேறு மரத்தவளைகளை ஒரே தொட்டியில் அடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில், வெளிநாடுகளில் பல நிற மரத்தவளைகளை ஒரே கண்ணாடித் தொட்டியில் சேர்த்து வளர்க்கிறார்கள் என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அழகுதான். ஆனால் அதைப் பார்த்த என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மறுநாளே தவளை பிடிக்கப் போத்தலோடு தண்ணீர்ப் பீலிக்கரைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படத்தில் இருந்த பருத்த பச்சைத் தவளை அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்தது. 10 சென்ரிமீற்றர் வரை வளரும். வாயில் அடங்குவது எதுவானாலும் விழுங்கிவிடும், சின்னத் தவளை உட்பட. பக்கத்தில் இருந்த செங்கண் மரத்தவளை மத்திய அமெரிக்காவின் மழைக்காட்டுப் பிராணி. அதில் ஆண் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர்தான்.

கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்கினான். "இரண்டும் மரத்தில் இருப்பவைதானே" என்று கடையில் சொன்னார்களாம். இரவில் வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டினான். பூச்சியைப் போட்டதும் பெரியது பாய்ந்து பாய்ந்து தின்கிறது. செங்கண்ணன் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இடுப்பெலும்பு தோலுக்குள்ளே துருத்திக்கொண்டு தெரிந்தது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. செங்கண்ணனுக்கு எப்போதும் நல்ல ஈரப்பதம் வேண்டும். பெரியதை ஓயாமல் அப்படி ஈரத்திலேயே வைத்தால் அதற்குத் தோல் நோய் வந்துவிடும். ஒரே தொட்டியில் யாருக்கென்று தண்ணீர் தெளிப்பது?

அப்புறம், தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சுகிறது. அதே தோலில் நஞ்சும் சுரக்கிறது. ஒன்றின் சுரப்பு கலந்த தண்ணீரில்தான் மற்றது உட்கார வேண்டியிருக்கும்.

நோய் இதைவிடப் பயங்கரம். கைற்றிட் என்ற பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்குகிறது. ஓர் இனம் அதைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், அடுத்த இனம் செத்துப்போகும். இந்தப் பூஞ்சையால் உலகில் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் அருகிவிட்டன, அவற்றில் 90 அழிந்தேவிட்டன என்று 2019ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒரே இனமாக இருந்தாலும் புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் பழையதோடு சேர்க்க வேண்டும்.

நம்முடைய மலையிலேயே பாருங்கள். ஒரு வகை மரத்தவளை தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் வாற்பேத்தையாகக் கீழே தண்ணீரில் விழும். தேயிலைக்கு இடையில் கத்தும் சின்னப் புதர்த்தவளைகளில் பல ஈரமண்ணில் முட்டையிடும். அதிலிருந்து வாற்பேத்தையே வராது, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஒரே சரிவில் இருந்தும் வாழ்க்கை இவ்வளவு வேறு. பிள்ளைகளின் போத்தலுக்குள் இந்த இரண்டு வகையும் ஒன்றாகக் கிடந்தன. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னேன். புதர்த்தவளைகளில் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்பதையும் சொன்னேன்.

அடுத்த சிறுவர் பக்கத்தில் அதே அளவு இடம் கொடுத்து, ஓர் இனத்துக்கு ஒரு தொட்டி என்றும், காட்டுத் தவளையைப் பிடிக்கவே கூடாது என்றும் தயவுசெய்து பிரசுரியுங்கள். படத்தோடு போட்டால் பிள்ளைகள் கட்டாயம் வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.