ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியது, அதற்கப்புறம் இப்போதுதான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். நீ எப்போது கூப்பிட்டாலும் காரில் போகும்போதுதான் கூப்பிடுகிறாய், ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மருமகளும் பாப்பாவும் கூடவே இருக்கிறார்கள். சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்பதற்கு மேல் நான் என்ன பேச? அதனால்தான் ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். கடலை மிட்டாய் தனியாக வீட்டுக்கு வருகிறது, அதற்குள் கடிதம் வைத்தால் மருமகள் பிரித்துவிடுவாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, சொன்னால் கேட்பதில்லை, மொட்டை மாடியில் ஏறித் தொட்டியைக் கழுவுகிறார். பங்குனித் திருவிழாவுக்கு வருவாயா? செண்பகவல்லி அம்மன் தேர் பார்த்து உனக்கு ஆறு வருஷம் ஆகிறது, பாப்பா இன்னும் பார்த்ததே இல்லை. அக்கா நன்றாக இருக்கிறாள். சரி, இதெல்லாம் இருக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, செப்டம்பர் 22இலிருந்து பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று ஆனதும் அக்டோபரிலேயே ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி எடுத்துவிட்டேன் என்று. அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். பதினெட்டு வருஷம் வீடு வீடாக ஏறிப் பாலிசி பிடித்தவளின் பிள்ளை, வீட்டுக் கடனைப் பெண்டாட்டி தலையில் விட்டுவிடக் கூடாது என்று யாரும் சொல்லாமல் தானே நினைத்திருக்கிறான். அன்றைக்கே ஒன்று கேட்க நினைத்தேன். ஃபாரத்தை யார் நிரப்பினது? நீயே கம்ப்யூட்டரில் நிரப்பினாயா, இல்லை போனில் ஒரு பெண் கேட்கக் கேட்க இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாயா? பாலிசியோடு நீ கொடுத்த ஃபாரத்தின் நகலும் சேர்ந்து வந்திருக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, பத்திரம் வந்ததா, தொகை சரியா, நாமினி பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, அத்தோடு சரி. நீ அதைத் திறந்து படி. இன்றைக்கே படி.

அதில் உடம்பைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தீர்களா என்பது ஒன்று, அதற்குக் கீழே எப்போதாவது இந்த இந்த நோய் இருந்ததா என்று இன்னொன்று. எல்லோரும் முதல் கேள்வியின் ஐந்து வருஷத்தையே இரண்டாவதற்கும் நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன வயதில் வந்தது, அது போயே போய்விட்டது, இதற்குள் வராது என்று. வரும் தம்பி. எப்போதாவது என்றால் எப்போதாவதுதான்.

நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொங்கலுக்கு மறுநாள் உன் அழுக்குத் துணியைத் துவைக்க எடுத்தபோது பையின் ஓரத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது, பாதி காலியாக. அந்தப் பெயரை நான் படிக்கவே வேண்டாம், அட்டையின் நிறத்தைப் பார்த்தாலே போதும், ஏழு வருஷம் அரை மாத்திரையாக உடைத்து உனக்குக் கொடுத்தவள் நான். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அன்று ராத்திரி நீ சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்ததையும் பார்த்தேன். எத்தனை நாளாக? எங்கே வந்தது, ஆபீஸிலா, வண்டி ஓட்டும்போதா? என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வருகிறது, கேட்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று உனக்குச் சொன்னதே நான்தானே.

தாத்தா வீட்டு முற்றத்தில் முதல் தடவை வந்தபோது எல்லோரும் சேர்ந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், உனக்கு எட்டு வயது. அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் நல்ல மனுஷன், இது மாத்திரையில் அடங்குகிற சாதாரண நோய், மறைக்க வேண்டியதில்லை என்று படித்துப் படித்துச் சொன்னார். இந்த நோயைச் சொல்லிக் கல்யாணத்தையே ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் இருந்ததை 1999இலேயே எடுத்துவிட்டார்கள் என்றுகூட இன்னொரு சமயம் சொன்னார், உன் பெயரைச் சொல்லி நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் நான் மறைத்தேன். ஆறாம் வகுப்பு அட்மிஷன் ஃபாரத்தில் இல்லை, என்சிசி கேம்ப் ஃபாரத்தில் இல்லை, ஹாஸ்டல் ஃபாரத்தில் இல்லை, எல்லாம் என் கையெழுத்து. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டுப் பெரியவர் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று சும்மா கேட்டார், அதற்கும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முதன்முதலாகக் காகிதத்தில் எழுதுகிறேன்.

பாலிசி விஷயத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி கிளெய்ம் வரவில்லை என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று உனக்கு நாங்கள் சொன்னது பொய். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொன்னோம். நடந்தது இதுதான். 2016 மார்ச் குளோசிங். ஏஜென்சி கையை விட்டுப் போகாமல் இருக்க வருஷத்துக்கு 12 பாலிசி வேண்டும், எனக்குப் பதினொன்றில் நின்றது. அப்பாதான் அலைவார் என்றாலும் ஏஜென்சி என் பெயரில், ஃபாரம் நிரப்புவதும் நான்தான். அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து, எனக்குச் சுகர் இருக்கு தாயி, மாத்திரை போடுறேன், அதையும் எழுதிக்கோ என்றார். எழுதினால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், ஸ்பெஷல் ரிப்போர்ட் கேட்பார்கள், ஏப்ரல் ஆகிவிடும். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லி இல்லை என்று நான் எழுதினேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பிப் போட்டார்.

2018 ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வருஷத்துக்குள் சாவு என்றால் கம்பெனி விசாரிக்காமல் விடாது. ஆள் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தார்கள், எட்டு வருஷமாகச் சர்க்கரை என்று அதில் அண்ணாச்சியே சொன்னதாக எழுதியிருந்தது. நம் பஜார் மருந்துக் கடையிலும் கேட்டிருக்கிறார்கள். உடல்நிலையை மறைத்து எடுத்த பாலிசி, மோசடி, அதனால் ரத்து என்று கடிதம் வந்தது. வெறும் தவறான தகவல் என்று தள்ளியிருந்தால் கட்டிய பிரீமியத்தையாவது 90 நாளில் திருப்பித் தர வேண்டும், மோசடி என்று சொல்லிவிட்டால் அதுவும் இல்லை. அண்ணாச்சி சம்சாரம், நம் மதினி, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள், இங்கிலீஷில் இருக்கிறது, என்னவென்று படித்துச் சொல் என்று.

அப்பீல் போட்டோம், கம்பெனி மறுத்தது, சென்னை தேனாம்பேட்டையில், கம்பெனி மேல் புகாரை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸில் விசாரணை வந்தது. 2019 ஐப்பசி. மதினியை நான்தான் ராத்திரி ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கு நோய் விஷயம் தெரியுமா, ஃபாரம் யார் நிரப்பியது என்று அங்கே கேட்டார்கள். மதினி என் முகத்தைப் பார்த்தாள். அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கேஸ் போயிற்று.

அப்புறம்தான் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவை உட்கார்ந்து படித்தேன். பாலிசி பிடிக்கிறவர் கம்பெனியின் ஆளாகத்தான் கருதப்படுவார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கம்பெனிக்குத் தெரிந்திருந்த விஷயத்தை வைத்து மோசடி என்று தள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. அண்ணாச்சி என்னிடம் சொன்னார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதினிக்கு வாதாட ஒரு பிடி கிடைத்திருக்கும். ஜெயித்திருப்பாளோ என்னவோ, கட்டிய பணமாவது கிடைத்திருக்கலாம். நான் சொல்லவில்லை, ஏனென்றால் தை மாசம் உன் கல்யாணம். லைசென்ஸ் போய், பேர் கெட்டு, சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போய், ஏதாவது கிண்டப் போய் உன் விஷயமும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று ஏஜென்சியை விட்டேனே, கண்ணுக்கு ஒன்றும் இல்லை தம்பி. மாசாமாசம் மதினி வீட்டுக்கு ஏன் ஆயிரம் ரூபாய் போகிறது என்று நீ கேட்டதற்கும் இதுதான் காரணம். அவள் இந்த வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கே வேலைக்குப் போகிறாள். இன்னும் என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறாள்.

மூன்று வருஷம் தாண்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். உண்மைதான், முன்னே இரண்டு வருஷம், 2015இல் மூன்றாக்கினார்கள். அதன்படி உனக்கு 2028 அக்டோபர் வரை. அதுவரை என்ன செய்வாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாயா? நடுவில் பிரீமியம் தவறிப் பாலிசி நின்று, திரும்ப உயிர்ப்பித்தால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். அதற்குள் ஏதாவது ஒன்று ஆகி, அந்த விசாரணைக்கு வருகிற ஆள் உன் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து வருவது மருமகள். பாளையங்கோட்டை டாக்டர் பெயரையும் உன் எட்டாம் வயதையும் அவள் அந்த ஆள் வாயிலிருந்தா கேட்க வேண்டும்?

கம்பெனிக்கு எழுது. விண்ணப்பத்தில் விட்டுப்போனது, இப்போது தெரிவிக்கிறேன் என்று, டாக்டர் சீட்டு நகலோடு. ஈமெயிலில் போடு, பதிலைப் பத்திரமாக வை. கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், கொடு. பாலிசியையே ரத்து செய்தாலும் செய்யட்டும், நீ இருக்கும்போது ரத்தானால் வேறு வழி தேடலாம். உன் பிஎஃப்போடு சேர்ந்து 7 லட்சம் வரை ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதில் உடம்பைப் பற்றிக் கேள்வியே கிடையாது, ஆபீஸ் குரூப் பாலிசியையும் கேட்டுப் பார். லோனைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டி அடை, எங்கள் பெயரில் இருக்கும் டெபாசிட்டை எடுத்துக்கொள், அப்பாவிடம் நான் பேசுகிறேன். கம்பெனிக்கு எழுது. ஏஜெண்ட், போன் பெண், யார் வேண்டாம் என்றாலும் கேட்காதே. நானும் ஒரு ஏஜெண்டாக இருந்துதான் அப்படிச் சொன்னேன்.

அதற்கு முன்னால் மருமகளிடம் சொல். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. மறைத்தது அம்மாதான், அவன் இல்லை என்று இதில் என் கையாலேயே எழுதிவிட்டேன். அவள் என்னிடம் கோபப்பட வேண்டும், உன்னிடம் அல்ல. கோபப்பட்டால் நான் புறப்பட்டு வருகிறேன், கேட்கட்டும்.

நைட் ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடு. தூக்கம் கெட்டால் வரும், உனக்கே தெரியும். வண்டியை இப்போதைக்கு மருமகள் ஓட்டட்டும். இரவு மாத்திரையைப் பின்கட்டுக்குப் போய்ப் போடாதே, சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போடு.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நாளைக் காலையில் மதினி வீட்டுக்குப் போகிறேன், அவளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா