எங்கள் பிள்ளைக்கு மூச்சுக் கொடுத்தவர்களுக்கு

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் பிரசவ அறையிலும் சிசு பராமரிப்புப் பிரிவிலும் வேலை செய்யும் டொக்டர்மார், மிஸ்ஸிமார், சிற்றூழியர்கள், எங்கள் பகுதி மிட்வைப் அக்கா எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். வயிறு நிறையப் பால் குடிக்கிறாள், ஆளைக் கண்டால் சிரிக்கிறாள். துண்டு வெட்டி வீட்டுக்கு வெளிக்கிட்ட அன்று, மருந்து வாங்குவதும் வாகனம் பிடிப்பதுமாக ஒரே அவசரம். ஒருவரோடும் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. எல்லோரும் படிக்கும்படி நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

2009 இறுதிப் போரில் மாத்தளனில் செல் விழுந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. இடுப்புக்குக் கிட்டப் புகுந்த செல் துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. நரம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் எடுப்பது ஆபத்து என்றார்கள். வன்னியில் இப்படி உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். குனிந்து தோட்டவேலை செய்தால் நோ காலுக்கு இறங்கும், இரவில் படுக்க விடாது. பனடோலுக்கு அடங்காத நோ. அதற்குத்தான் ட்ரமடோல் குளிசை தந்தார்கள். வருடக்கணக்காக அதைக் குடித்துத்தான் எழும்பி வேலை பார்த்தேன். அது மோர்பின் இனத்து மருந்து, கர்ப்பத்தில் பிள்ளைக்கும் போய்ச் சேரும், பிறந்த பிறகு மூச்சில் கைவைக்கும் என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் மிட்வைப் அக்கா.

அவருக்குத்தான் முதல் நன்றி. வீட்டுக்கு வந்த முதல் நாளே, "தங்கச்சி, நோவுக்கு என்ன குளிசை பாவிக்கிறீங்கள்? பெட்டியோட கொண்டு வாங்கோ பார்ப்பம்" என்றார். கேட்ட விதத்தில் ஒரு குற்றச்சாட்டும் இருக்கவில்லை. அதனால்தான் என்னால் ஒளிக்காமல் சொல்ல முடிந்தது. குளிசையின் பெயரையும் அளவையும் கர்ப்பிணிப் பதிவு அட்டையில் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் கோடும் போட்டார். கிளினிக் டொக்டர் சொன்னதும் மறக்கவில்லை: "பயத்தில் நீங்களாக நிற்பாட்டிப் போடாதையுங்கோ." திடீரென்று நிற்பாட்டினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் கூடாதாம், நாள் முந்திப் பிரசவ வலியும் வரலாமாம். அவர் படிப்படியாகக் குறைத்துத் தந்தார். நோவுக்கு வேறு வழியும் காட்டினார். செல் துண்டோடு வாழும் என் சகோதரிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: குளிசைப் பெட்டியை மிட்வைபிடம் காட்டுங்கள்.

பிறந்தவுடன் பிள்ளை அழவில்லை. துவண்டுபோய்க் கிடந்தாள். சூடான மேசையில் கிடத்தித் துடைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள். ஒரு டொக்டர் சின்ன முகமூடியை வாயும் மூக்கும் மூடும்படி ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மற்றக் கையால் பையை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த நெஞ்சு எழும்புவதைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்தேன். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி நிதானமான குரலில் எண்ணிக்கொண்டு நின்றார். வலது கையில் ஒக்சிஜன் அளவு பார்க்கும் பட்டியைச் சுற்றினார்கள். பிறகு ஒரு முனகல், அதற்குப் பிறகு அழுகை.

அந்த நேரத்தில் செய்யாமல் விட்ட ஒரு காரியத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். மோர்பின் வகை மருந்தின் வேகத்தை முறிக்க நலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது. ஆனால் வயிற்றில் இருந்தபோதே அந்த மருந்துக்குப் பழகிப்போன பிள்ளைக்கு அதைப் போட்டால், எல்லாம் ஒரேயடியாக முறிந்து வலிப்பு வரக்கூடுமாம். அதனால் அதைத் தொடாமல், காற்றுக் கொடுத்தே மூச்சை மீட்டார்கள். அட்டையில் இருந்த சிவப்புக் கோட்டை டியூட்டி டொக்டர் முன்கூட்டியே பார்த்திருந்தார். மிட்வைப் அக்கா, நீங்கள் எழுதியது அங்கே கைகொடுத்தது.

மூச்சு இழுத்து இழுத்து வந்ததால், மூக்கில் குழாய் வைத்து அழுத்தத்தோடு காற்றுத் தரும் சிபாப் இயந்திரத்தில் வைத்தார்கள். அதிலிருந்து எடுத்து, இனிப் பயமில்லை என்று நினைத்திருக்க, அடுத்த இரவு வேறு மாதிரி ஆகிவிட்டது. காதைக் கிழிக்கும் அழுகை. கைகால் நடுக்கம், ஓயாத தும்மல், அடைத்த மூக்கு. மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டி ஓடியது. பழகிய மருந்து உடம்பை விட்டுப் போகும்போது இப்படி வருமாம். என்றாலும் குளிசையில் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கிருமித் தொற்றோ, சீனி குறைந்துவிட்டதோ, நெஞ்சில் ஏதுமோ என்று இரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்த பிறகுதான் முடிவு சொன்னார்கள்.

இரவு மிஸ்ஸிமார் செய்ததை எப்படிச் சொல்வது! பிள்ளையின் பக்கத்து வெளிச்சத்தைக் குறைத்தார்கள். துணியால் இறுக்கமாகச் சுற்றித் தந்தார்கள். என் நெஞ்சோடு தோல்படக் கிடத்தச் சொன்னார்கள். அப்படிக் கிடத்தினால் மூச்சின் ஓட்டம் தணிவதை நானே கண்டேன். மணிக்கணக்கு வைத்து வந்து அழுகை, நடுக்கம், தும்மல், மூச்சு எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் புள்ளி போட்டார்கள். புள்ளி இறங்காததால்தான், பிள்ளை பழகிய அதே இனத்து மருந்தான மோர்பினையே மிகச் சிறிய அளவில் வாயில் விட்டார்கள். அது மூச்சை மந்தப்படுத்தக்கூடிய மருந்து என்பதால் மொனிட்டரைக் கழற்றவே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிற்பாட்டினார்கள். பால் விடயத்திலும் அதே கவனம். என் குளிசை முற்றாக நிற்கும்வரை பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் பீச்சி வெளியே ஊற்றச் சொன்னார்கள், பால் வற்றாமல் இருக்க ஒரு மிஸ்ஸி பக்கத்தில் இருந்து பழக்கினார்.

எங்கள் ஆக்களில் ஒருவர் வாட்டுக்கே வந்து "போதைப் பிள்ளையோ?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். பெரிய மிஸ்ஸிதான் பதில் சொன்னார்: "செல் காயத்துக்கு மருந்து குடிச்ச தாய். பிள்ளை அந்த மருந்துக்குப் பழகினது, அவ்வளவுதான்." அதே வாட்டில் ஹெரோயினால் சீரழிந்த ஒரு தங்கச்சியின் பிள்ளையும் இருந்தது. அவளையும் இதே மரியாதையோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பார்த்தார்கள். என் பிள்ளைக்குச் செய்ததைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நடுச்சாமத்தில் பரந்தன் றோட்டால் எங்களைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டோ தம்பிக்கும், தன் தேத்தண்ணீரில் பாதியை எனக்குத் தந்த பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும், வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துவிட்டு வாட்டு வாசலிலேயே படுத்த மாமிக்கும் நன்றி. பிள்ளையின் அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடித்திரிந்ததை நான் எழுதினால் வெட்கப்படுவார், இருந்தாலும் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கிளினிக்குக்குப் பிள்ளையோடு வருவோம். அன்று மேல் வாட்டுக்கும் ஏறி எல்லோரையும் பார்க்க ஆசை. டியூட்டியில் இல்லாதவர்கள், வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனவர்கள், இந்த மடலையே எங்கள் நேரடி நன்றியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்போடு,
பிள்ளையின் அம்மா,
விசுவமடு.